கட்டுச்சோறு கட்டியாயிற்றா?
‘வியாத்திகும்’ என்ற இலத்தீன் சொல்லின் பொருள்

(வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



நவம்பர் மாதம் இறந்த நம் உறவினருக்காகச் செபிக்கும் மாதம். 2-ஆம் தேதி கல்லறைகளைச் சுத்தம் செய்து, மாலை போட்டு, மெழுகுவர்த்தி ஏற்றி, மந்திரித்துவிட்டு வந்தோம். இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை நாம் தவறாமல் செய்கிறோம். ஆனால் இறக்கப்போகிறவர்களுக்குச் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்கிறோமா? இந்தக் கேள்வியை நம்மிடம் கேட்கும் ஓர் இலத்தீன் சொல்லைப் பற்றி இன்று சிந்திப்போம். அந்தச் சொல் ‘வியாத்திகும்’.

காதில் விழும்போது ‘வியாதி’ என்பதுபோல் கேட்கும். சாவு நோயில் கிடப்பவருக்குக் கொடுப்பதால்தான் அந்தப் பெயர் வந்தது என்றுகூடச் சிலர் நினைக்கலாம். ஆனால் வியாதிக்கும் இந்தச் சொல்லுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. நம் ஊர்ப் பேருந்துகளில் ஊர்ப்பெயருக்குக் கீழே ‘வயா’ என்று எழுதியிருப்பதைப் பார்த்திருக்கிறோம். இந்த ஊர் வழியாகச் செல்லும் என்று அதற்குப் பொருள். அது ‘வியா’ என்ற இலத்தீன் சொல்தான். ‘வியா’ என்றால் வழி, சாலை. அந்தச் சொல்லிலிருந்து பிறந்ததே ‘வியாத்திகும்’. வழிக்கு வேண்டியது, பயணத்திற்குக் கொண்டுபோவது என்பது அதன் பொருள். தமிழில் அழகாகச் சொன்னால் கட்டுச்சோறு. பழந்தமிழில் இதற்கு ‘ஆற்றுணா’ என்றே ஒரு சொல் இருந்தது. ஆறு என்றால் வழி, உணா என்றால் உணவு. இன்று நம் திருச்சபை வழக்கில் ‘வழியுணவு’ என்கிறோம்.

இந்தச் சொல்லைத் திருச்சபை புதிதாக உண்டாக்கவில்லை. உரோமையர் அன்றாட வாழ்வில் பயன்படுத்திய சொல் இது. ஊர்விட்டு ஊர் போகிறவர் கையில் எடுத்துச் செல்லும் பணம், உணவு, மற்ற பொருள்கள் எல்லாமே அவர்களுக்கு ‘வியாத்திகும்’தான். படைவீரன் சிறுகச் சிறுகச் சேர்த்துவைத்த பணத்திற்கும் அதே பெயர் உண்டு. அப்படிப் பாடுபட்டுச் சேர்த்த பணத்தை, அலுத்துத் தூங்கிய ஓர் இரவில் முழுவதுமாகப் பறிகொடுத்த ஒரு வீரனைப் பற்றி ஹொராஸ் என்ற உரோமைக் கவிஞர் சொல்லும்போது, அந்தச் சேமிப்பை இந்தச் சொல்லால்தான் குறிப்பிடுகிறார். 

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் எகிப்து நாட்டைச் சேர்ந்த அப்பியோன் என்ற இளைஞன் உரோமைக் கடற்படையில் சேர்ந்தான். இத்தாலியில் உள்ள மிசேனும் துறைமுகத்திலிருந்து தன் தந்தைக்கு அவன் எழுதிய கடிதம் இன்றும் இருக்கிறது. கடலில் ஆபத்து வந்தபோது காப்பாற்றப்பட்டதையும், பத்திரமாக வந்து சேர்ந்ததும் சீசரிடமிருந்து வழிச்செலவுக்கு மூன்று பொற்காசுகள் கிடைத்ததையும் மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறான். கடிதம் முழுவதும் கிரேக்கத்தில் இருக்கிறது. அந்தப் பொற்காசுகளைச் சொல்லும் இடத்தில் ‘வியாத்திகும்’ என்ற இலத்தீன் சொல்லையே கிரேக்க எழுத்தில் எழுதுகிறான். அந்த அளவுக்கு எல்லாருக்கும் தெரிந்த சொல் அது. நாளடைவில் பயணத்திற்கான பொருளைக் குறித்த சொல் பயணத்தையே குறிக்கத் தொடங்கியது. இத்தாலியரின் ‘வியாஜ்ஜோ’, ஆங்கிலத்தில் கடற்பயணத்தைச் சொல்லும் ‘வாயேஜ்’ எல்லாம் இந்தச் சொல்லின் பிள்ளைகளே.

வழிச்செலவுக் காசையும் கட்டுச்சோற்றையும் குறித்த இந்தச் சொல்லை எடுத்து, இறக்கும் தறுவாயில் இருப்பவர் வாங்கும் நற்கருணைக்குத் திருச்சபை பெயராக வைத்தது. இது சிந்திக்க வேண்டிய செயல். முடிவு என்று பொருள்படும் சொல்லையோ, பிரிவு என்று பொருள்படும் சொல்லையோ திருச்சபை தேர்ந்துகொள்ளவில்லை. பயணம் போகிறவருக்குக் கட்டிக்கொடுக்கும் உணவின் பெயரைத் தேர்ந்துகொண்டது. அந்த ஒரு சொல்லிலேயே நம் நம்பிக்கை முழுவதும் அடங்கியிருக்கிறது. சாகிறவர் அழிந்துபோகவில்லை, போகிறார். போவதற்கு ஒரு வழி இருக்கிறது. வழியின் முடிவில் ஒரு வீடு இருக்கிறது. அந்த வழிக்கு ஆண்டவர் தம்மையே உணவாகக் கட்டிக்கொடுக்கிறார். தம் உடலை உண்டு தம் இரத்தத்தைக் குடிப்பவரை இறுதி நாளில் உயிர்த்தெழச் செய்வதாக யோவான் நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் அவர் அளித்த வாக்குறுதி நமக்குத் தெரியும்.

பழைய ஏற்பாட்டில் எலியாவை நினைத்துப் பாருங்கள். ஈசபேலுக்குப் பயந்து பாலைநிலத்தில் ஓடி, ஒரு சூரைச் செடியின் அடியில் உட்கார்ந்து, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று மன்றாடினார். வானதூதர் அவரைத் தட்டி எழுப்பி, சுட்ட அப்பமும் தண்ணீரும் கொடுத்தார். அவர் சாப்பிட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டார். தூதர் இரண்டாம் முறை வந்து, இன்னும் நீண்ட பயணம் இருக்கிறது என்று சொல்லி உண்ணச் செய்தார். அந்த உணவின் வலிமையால் அவர் நாற்பது நாள் நடந்து, கடவுளின் மலையாகிய ஓரேபை அடைந்தார். சாக விரும்பியவர் கடவுளைச் சந்திக்கப் போனார். வழியுணவு செய்யும் வேலை அதுதான்.

திருச்சபை இதை எவ்வளவு முக்கியமாகக் கருதியது என்பதற்கு ஒரு பழைய நிகழ்ச்சி. கி.பி. 250-இல் தேசியு பேரரசனின் கலாபனை காலத்தில், அலெக்சாந்திரியாவில் செராப்பியோன் என்ற முதியவர் அச்சத்தால் பொய்த் தெய்வங்களுக்குப் பலியிட்டுவிட்டார். பிறகு மனம் வருந்தி மன்னிப்புக் கேட்டும் யாரும் அவரைப் பொருட்படுத்தவில்லை. நோயில் விழுந்து, மூன்று நாள் பேச்சின்றிக் கிடந்தார். நான்காம் நாள் நினைவு திரும்பியதும், தன் மகள் வயிற்றுப் பேரனை அழைத்து, குருவைக் கூட்டிவரச் சொல்லி அனுப்பினார். அப்போது இரவு. குருவும் நோயுற்றுப் படுத்திருந்தார், வர இயலவில்லை. ஆனால் அவர் சிறுவனை வெறுங்கையாக அனுப்பவில்லை. நற்கருணையில் ஒரு சிறு துண்டை அவனிடம் கொடுத்து, நனைத்து முதியவரின் வாயில் இடச் சொன்னார். பேரன் வந்து அப்படியே செய்தான். முதியவர் அதை விழுங்கினார், உயிர் பிரிந்தது. அலெக்சாந்திரியா ஆயர் தியோனீசியு இதைத் தம் கடிதத்தில் எழுதிவைத்தார்; வரலாற்றாசிரியர் எவுசேபியு அதை நமக்குப் பாதுகாத்துத் தந்திருக்கிறார்.

325-இல் கூடிய நிசேயா பொதுச்சங்கம் தன் 13-ஆவது ஒழுங்கில், சாகும் தறுவாயில் இருக்கும் எவருக்கும் கடைசியானதும் மிகவும் தேவையானதுமான வழியுணவை மறுக்கக் கூடாது என்று கட்டளையிட்டது. அதையும் புதிய சட்டமாகச் சொல்லவில்லை. ஏற்கெனவே உள்ள பழைய சட்டம் என்றே சொன்னது.

அதே நூற்றாண்டின் இறுதியில், 397-இல், கார்த்தேஜ் சங்கம் இன்னொன்றையும் சொல்ல வேண்டியிருந்தது. இறந்துபோனவரின் வாயில் நற்கருணையை வைக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. சங்கம் அதைத் தடை செய்தது. பெற்று உண்ணுங்கள் என்பது ஆண்டவரின் கட்டளை. உயிரற்ற உடல் பெறவும் இயலாது, உண்ணவும் இயலாது என்று காரணம் காட்டியது.

இந்த இடத்தில் நம் வீடுகளைக் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். நம் ஊரில் வாய்க்கரிசி போடுவது எல்லாருக்கும் தெரியும். உயிர் போனபின் உறவினர் வரிசையாக வந்து வாயில் அரிசி இடுகிறார்கள். போனவருக்கு அது தெரியாது. அது இருப்பவர்களின் அன்புக்கு அடையாளம். அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் நற்கருணையையும் நாம் அறியாமலேயே வாய்க்கரிசிபோல ஆக்கிவிடுகிறோமோ என்ற அச்சம் எழுகிறது. மருத்துவர் கைவிரித்துப் பல நாள் ஆகியிருக்கும். வெளியூர் உறவினருக்கெல்லாம் போன் போயிருக்கும். குருவுக்கு மட்டும் சொல்லியிருக்க மாட்டார்கள். கேட்டால், “சாமியாரைப் பார்த்தா அப்பா பயந்துடுவாரு, ஃபாதர்” என்பார்கள். கடைசியில் நினைவு தப்பி, தொண்டையில் தண்ணீரும் இறங்காத நிலையில் அழைப்பு வரும். ஓடிப்போனால், நோயில்பூசுதல் கொடுக்கலாம், செபிக்கலாம். வழியுணவு கொடுக்க முடிவதில்லை. கட்டுச்சோறு கையில் இருக்கிறது, பயணி வண்டி ஏறிவிட்டார்.

தவறு வீட்டார் பக்கம் மட்டும் இல்லை. குருக்கள் பக்கமும் உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் நாம் வேறொரு பங்கில் இருந்தபோது, ஒரு செவ்வாய்க்கிழமை மாலை ஒரு சிறுமி வந்து, “ஃபாதர், பாட்டி நன்மை வாங்கணும்னு சொல்றாங்க” என்றாள். பாட்டி பல மாதமாகப் படுக்கையில் இருப்பவர். “இந்த வாரம் முதல் வெள்ளிதானேம்மா, எல்லா வீட்டுக்கும் வரும்போது பாட்டிக்கும் கொண்டுவர்றோம்னு சொல்லு” என்று அனுப்பிவிட்டோம். வியாழன் விடியற்காலையில் பாட்டி இறந்துவிட்டார். அந்த வீட்டுக்குள் போனபோது, நன்மைக்காக மேசைமேல் விரித்து வைத்திருந்த வெள்ளைத் துணியும், ஏற்றாத மெழுகுவர்த்தியும் அப்படியே இருந்தன. யாரும் நம்மை ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஆனால் அலெக்சாந்திரியா சிறுவனின் கதையை வாசிக்கும்போதெல்லாம் அந்தச் சிறுமியின் முகம் நினைவுக்கு வருகிறது. நோயில் கிடந்த குரு பேரனை வெறுங்கையாக அனுப்பவில்லை. உடல்நலத்தோடு இருந்த நாம் பேத்தியை வெறுங்கையாக அனுப்பினோம்.

ஆகவே, அன்புக்குரியவர்களே, இந்தச் சொல் நமக்குக் கற்பிக்கும் சிலவற்றை மனத்தில் வைப்போம்.

முதலாவது, நோயில்பூசுதலும் வழியுணவும் ஒன்று அல்ல. முற்காலத்தில் அதை ‘அவஸ்தைபூசுதல்’ என்று அழைத்ததால், குரு எண்ணெய் கொண்டுவந்தால் ஆள் பிழைக்க மாட்டார் என்ற எண்ணம் வேரூன்றிவிட்டது. 1963-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதை நோயில்பூசுதல் என்று அழைப்பதே பொருத்தம் என்றும், அது சாகும் நொடியில் இருப்பவருக்கு மட்டும் உரியது அல்ல என்றும் தெளிவாக்கியது. நோயாலோ முதுமையாலோ ஆபத்து தொடங்கும்போதே அதைப் பெறலாம். இவ்வுலகை விட்டுப் புறப்படுவோருக்கு உரிய அருளடையாளம் நற்கருணையாகிய வழியுணவே.

இரண்டாவது, காலம் தாழ்த்தக் கூடாது. திருச்சபைச் சட்டம் 922 இதைத்தான் சொல்கிறது: நோயாளர் முழு நினைவோடு இருக்கும்போதே வழியுணவு பெறும்படி பார்த்துக்கொள்வது ஆன்ம மேய்ப்பர்களின் கடமை. அன்று காலையில் ஏற்கெனவே நன்மை வாங்கியிருந்தாலும், ஆபத்து வந்தால் மீண்டும் வாங்கலாம். ஆபத்து நீடித்தால் அடுத்தடுத்த நாள்களிலும் வாங்கலாம். எலியாவுக்கும் இருமுறை உணவு வந்ததல்லவா!

மூன்றாவது, சாப்பிட்டுவிட்டாரே என்று தயங்க வேண்டாம். நோயாளருக்கும் முதியோருக்கும் அவர்களைக் கவனித்துக்கொள்பவர்களுக்கும் ஒருமணி நேர நோன்பு கட்டாயம் இல்லை. அப்பத்தை விழுங்க முடியாதவருக்கு ஆண்டவரின் திரு இரத்தத்தை மட்டும் ஒரு துளி கொடுக்கவும் திருச்சபை அனுமதிக்கிறது. குரு வர இயலாத நேரத்தில் நற்கருணைப் பணியாளர் வழியுணவு கொண்டுவரலாம்.

நான்காவது, நோயாளர் பயந்துவிடுவார் என்று நாமே முடிவுசெய்ய வேண்டாம். பெரும்பாலும் பயப்படுகிறவர்கள் நாம்தான். படுத்திருப்பவருக்குத் தம் நிலை தெரிந்திருக்கிறது; நம் மனம் நோகக் கூடாதே என்று அவர் வாய்திறக்காமல் இருக்கிறார். “அம்மா, நன்மை வாங்குறீங்களா, ஃபாதரை வரச் சொல்லட்டுமா?” என்று பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள்.

வழியுணவுச் சடங்கில் நோயாளர் தம் திருமுழுக்கு வாக்குறுதிகளைப் புதுப்பிக்கிறார். குழந்தையாய் இருந்தபோது பெற்றோரும் ஞானப்பெற்றோரும் அவருக்காகச் சொன்னதை, இப்போது அவரே தம் வாயால் சொல்கிறார். நற்கருணை வழங்கியபின் குரு, கிறிஸ்துவே உம்மைக் காத்து நிலைவாழ்வுக்கு அழைத்துச் செல்வாராக என்று வேண்டுகிறார். வீட்டாரும் தகுந்த தயாரிப்போடு அவருடன் நன்மை வாங்கலாம். ஒரே அப்பத்தில் பங்குகொண்டு, ஒருவரை வழியனுப்பி வைக்கும் வேளை அது.

நம் வீட்டிலிருந்து யாராவது வெளியூர் புறப்பட்டால், அவர் கேட்காமலேயே, இரவோடு இரவாகப் புளிச்சோறு கிளறி, இலையில் கட்டிக்கொடுக்கிறவர்கள் நாம். வழியில் பசிக்குமே என்று தவிக்கிறவர்கள் நாம். திரும்பி வரும் பயணத்திற்கே இவ்வளவு செய்யும் நாம், திரும்பி வராத பயணத்திற்குப் புறப்படுகிறவரைப் பட்டினியாக அனுப்பலாமா?

இந்த வாரம் உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ படுக்கையில் இருப்பவரைப் பாருங்கள். பங்கு இல்லத்திற்குச் சொல்லி அனுப்புங்கள். இரவானாலும் பரவாயில்லை. முதல் வெள்ளிவரை காத்திருக்க வேண்டாம்.

வழியும் உண்மையும் வாழ்வுமான ஆண்டவர் இயேசு, நம் எல்லாருடைய கடைசிப் பயணத்திலும் வழியாகவும், வழியில் உணவாகவும், வழியின் முடிவில் வீடாகவும் இருப்பாராக. ஆமென்.