தீவு மாணவர்களும் தொழில் ஆயத்தமும்

அந்தமான் நிக்கோபார் தீவுக்கூட்டத்தைச் சூழ்ந்துள்ள இந்தியப் பொருளாதாரக் கடற்பரப்பு சுமார் 6 லட்சம் சதுர கிலோமீட்டர் ஆகும். நம் நாட்டின் மொத்தப் பொருளாதாரக் கடற்பரப்பில் இது ஏறத்தாழ 30 சதவீதம். இத்துணைப் பெரிய செல்வத்தின் வாயிலில் வாழும் மாணவர்களுள் பலர், பட்டம் பெற்ற பின்னரே அடுத்து என்ன செய்வது என்று சிந்திக்கின்றனர். அரசு அலுவலகப் பணியொன்றையே எதிர்நோக்கி ஆண்டுகள் கழிகின்றன. இந்நிலை மாற வேண்டுமாயின், தொழில் பற்றிய சிந்தனை கல்லூரியின் முதலாண்டிலேயே தொடங்குதல் வேண்டும்.

ஜங்லிகாட் காட்டும் வழி

2024இல் ஸ்ரீ விஜயபுரம் எனப் பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரின் மீன் இறங்குதுறை ஜங்லிகாட்டில் உள்ளது. அங்கே வந்திறங்கும் சூரை மீன் ஒன்றினை எடுத்துக்கொள்வோம். பிடித்தவுடன் பனிக்கட்டியில் வைக்காவிடில் அதன் தசையில் ஹிஸ்டமின் என்னும் நச்சுப்பொருள் பெருகும். பின்னர்ச் சமைத்தாலும் அது நீங்காது. ஏற்றுமதிக்கு முன் இதனைச் சோதித்தறிவது வேதியியல் பயின்றவரின் பணி. மீன் வளம் குன்றாமல் எவ்வளவு பிடிக்கலாம் எனக் கணிப்பது விலங்கியலும் புள்ளியியலும் கற்றவர் பணி. பனிக்கட்டி, போக்குவரத்து, விலை ஆகியவற்றைக் கணக்கிடுவது வணிகவியல் மாணவருக்குரியது. ஐதராபாத்திலுள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம், மீன் மிகுதியாகக் கிடைக்கக்கூடிய பகுதிகளைச் செயற்கைக்கோள் தரவுகளின் துணைகொண்டு அறிவிக்கிறது. இதில் இயற்பியலுக்கும் கணினி அறிவுக்கும் இடமுண்டு. ஒரே துறைமேடையில் பல தொழில்கள் அடங்கியுள்ளன என்பதை மாணவர் உணர்தல் நலம்.

முன்கூட்டியே ஏன்?

சில வாயில்கள் பட்டப்படிப்புக்கு முன்னரே திறந்து மூடிவிடுகின்றன. மீன்வளப் பட்டமேற்படிப்பில் சேர, பொதுவாக மீன்வள அறிவியலில் இளநிலைப் பட்டம் தேவை. அதனைத் தூத்துக்குடியில் 1977இல் நிறுவப்பெற்ற மீன்வளக் கல்லூரி போன்றவற்றில் பயில வேண்டும். விலங்கியல் பட்டம் பெற்ற பின் இதனை அறிபவர் சில ஆண்டுகளை இழந்தவராவார். மீன்பிடி கப்பலை நடத்துவதற்குரிய தகுதிச் சான்றிதழுக்கோ, வகுப்பறைப் படிப்புடன் கடலில் பணியாற்றிய காலமும் வேண்டும். அக்காலத்தை இறுதி நேரத்தில் ஈட்ட இயலாது.

அவ்வாறாயினும் விலங்கியல் மாணவர் மனம் தளர வேண்டியதில்லை. புதுவைப் பல்கலைக்கழகம் போர்ட் பிளேரில் நடத்திவரும் மையத்தில் கடல் உயிரியல் முதுநிலைப் படிப்பு உண்டு. தாயகப் பகுதிக்குச் சென்று பயில வசதியற்றோருக்கும், பிள்ளைகளைத் தொலைவில் அனுப்பத் தயங்கும் குடும்பங்களுக்கும் இது பெரிதும் உதவும். ஆயினும் சேர்க்கைத் தகுதியை முதலாண்டிலேயே அறிந்தவர்தாம் அதற்கேற்பப் பாடங்களைத் தெரிவு செய்ய முடியும்.

தொலைவும் ஒரு காரணமாகும். சென்னைக்குக் கப்பற்பயணம் ஏறத்தாழ 3 நாட்கள்; நேர்முகத் தேர்வொன்றிற்குச் சென்றுவரும் செலவை எளிய குடும்பம் முன்னரே சேமித்தாக வேண்டும். 2020இல் சென்னையிலிருந்து கடலடிக் கண்ணாடியிழை வடம் இணைக்கப்பெற்ற பின், செய்திகள் விரைந்து வருகின்றன. ஆனால் செய்தி விரைந்து வந்தால் மட்டும் போதாது. அதனைப் பயன்படுத்தும் தகுதியும் உடன் இருத்தல் வேண்டும்.

மூன்றாண்டுத் திட்டம்

முதலாண்டில் தமக்கு விருப்பமான இரண்டு மூன்று தொழில்களின் தகுதி, வயது வரம்பு ஆகியவற்றைக் குறித்துக்கொள்க. மத்தியத் தேர்வாணையம் அடுத்த ஆண்டிற்குரிய தேர்வு நாட்களை முன்னதாகவே வெளியிடுகிறது. 2015இல் தொடங்கிய தேசிய வேலைவாய்ப்புச் சேவையில் பதிவு செய்யலாம். இரண்டாம் ஆண்டு விடுமுறையில் இறங்குதுறை, பதனிடும் கூடம், 1978இல் நிறுவப்பெற்ற மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் நேரிற் கண்டு கற்க முயல்க. மூன்றாம் ஆண்டு, விண்ணப்பங்களுக்கும் தேர்வுகளுக்கும் உரியது.

1967இல் தோன்றிய ஜவாஹர்லால் நேரு அரசுக் கல்லூரி முதலிய கல்வி நிலையங்களும், பெற்றோரும் இம்முயற்சிக்குத் துணைநிற்றல் வேண்டும். அரசுப் பணியை நாடுவது தவறன்று. அதனை மட்டுமே நம்பியிருப்பதுதான் இடர். தீவுகளைச் சூழ்ந்த கடலின் வளத்தைத் தீவுகளின் மைந்தரும் மகளிருமே அறிவுத்திறத்தோடு பயன்கொள்ளும் நாள், அவர்கள் கல்லூரியில் அடியெடுத்து வைக்கும் நாளிலிருந்தே உருவாகிறது.