ஏ.சி. அறைக்குள் புதுக்காற்று! குளிர்ச்சியைக் காக்கும் பெட்டி

அரியலூர், பெரம்பலூரில் கோடை வந்தால் அனல்தான். சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப்போகும் லாரிகளின் புழுதி வேறு. ஜன்னலைத் திறந்தா தூசி, சாத்தினா புழுக்கம்!

வசதி உள்ளவர்கள் ஏ.சி. மாட்டிக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். ஆனால் வீட்டு ஸ்பிலிட் ஏ.சி. பெரும்பாலும் வெளிக்காற்றை இழுப்பதில்லை. அறைக் காற்றையே சுற்றிச் சுற்றிக் குளிர வைக்கிறது. நாலு பேர் படுத்தால் விடியும்போது கரியமில வாயு சேர்ந்து தலை கனக்கும்.

இதற்குத்தான் 'வெப்ப மீட்பு' காற்றோட்டப் பெட்டி. வெளியேறும் குளிர்காற்றும் உள்ளே வரும் அனல்காற்றும் மெல்லிய தகடுகளின் இருபுறமும் ஓடும்; கலக்காது. அனல் தணிந்து, தூசி வடிகட்டியில் தங்கி, புதுக்காற்று வரும். ஐரோப்பியக் குளிரில் இதே பெட்டி வீட்டுச் சூட்டைக் காக்கிறது. பெயர் வந்தது அப்படித்தான்.

ஏ.சி. இல்லாத வீட்டுக்கு இது தண்டச்செலவு. மீட்கக் குளிர்ச்சி ஏது? எதிரெதிர் ஜன்னலும் ஒரு எக்ஸாஸ்ட் பேனும் போதும். வாங்குவோர் வடிகட்டியை அடிக்கடி சுத்தம் செய்யணும். இந்த ஊர்ப் புழுதிக்கு அது சீக்கிரமே அடைத்துக்கொள்ளும்.