வளைவும் அச்சும்: மலையகத்திலிருந்து கண்வில்லை பற்றி ஒரு நோக்கு

விழியின் முன்னுள்ள தெளிந்த படலம் பந்தின் பரப்பைப் போல எத்திசையிலும் ஒரே அளவாக வளைந்திருத்தல் வேண்டும். முட்டையின் பக்கத்தைப் போல ஒரு திசையிற் கூடியும் அதன் குறுக்கே குறைந்தும் வளைந்திருப்பின், ஒளி ஒரு புள்ளியிற் குவியாது. எழுத்துக்கள் இழுபட்டு நிழலாடும். அஸ்டிக்மற்றிசம் எனப்படுவது பெரும்பாலும் இதுவே.

1949 நவம்பர் 29இல் இலண்டனில் ஹரல்ட் றிட்லி முதன்முதலாகக் கண்ணினுட் செயற்கை வில்லையைப் பொருத்தினார். புரையை நீக்கி வைக்கப்படும் சாதாரண வில்லை இவ்வளைவுக் குறையைத் தீர்ப்பதில்லை. 1990களில் வந்த 'ரொறிக்' வில்லை இரு திசைகளில் இருவேறு வலுவுடையது. ஆகவே அதனை உரிய அச்சிலேயே இருத்தல் வேண்டும். ஒரு பாகை விலகினால் திருத்தத்தில் ஏறத்தாழ 3 சதவீதம் இழக்கப்படும். 30 பாகை விலகினாற் பயனே இல்லை.

வில்லையும் ஒரு பண்டமே. 1992இல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைச் சார்ந்து தோன்றிய ஒரோலாப், இறக்குமதி வில்லையின் விலை உற்பத்திச் செலவினால் மட்டும் அமைந்ததன்று என்பதை நடைமுறையில் நிறுவியது. எனினும் ரொறிக் வில்லை இன்றும் பெரும்பாலும் மேலதிகப் பணம் செலுத்துவோர்க்குரியதாகவே உள்ளது.

இங்குதான் டிக்கோயாவை நினைத்தல் வேண்டும். கொழுந்து நிறுக்கையில் தராசின் எண்ணைத் தாமே வாசிக்க இயலாத தொழிலாளி, தமது உழைப்பின் அளவைப் பிறர் வாய்மொழியாகவே அறிகிறார். பார்வைக் குறை அவருக்குக் கூலிப் பிரச்சினையுமாகும். (எழுத்தறிவைப் பற்றி நிறையப் பேசும் நாம் எழுத்துத் தெரிவதைப் பற்றிப் பேசுவதில்லை.) இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 படுக்கைகள் கொண்ட கிளங்கன் வைத்தியசாலை 2017 மே 12இல் திறக்கப்பட்டது. கட்டடம் வேண்டியதே, ஆனால் வினா அத்துடன் முடிவதில்லை.

எவ்வில்லையாயினும் அதன் வலுவைக் கணிக்கப் படலத்தின் வளைவை இரு திசைகளிலும் அளந்தாக வேண்டும். ஆகவே அஸ்டிக்மற்றிசத்தின் அளவும் அச்சும் சத்திரசிகிச்சைக்கு முன்னரே பெருமளவு தெரிந்துவிடுகின்றன. வெட்டும் இதிற் பங்கு வகிக்கும்: மலிவான, தையலற்ற சிறுவெட்டு முறையில் ஆறேழு மில்லிமீற்றர் நீளத்துக்கு வெட்டுகையில் அத்திசையின் வளைவு தளரும். மிகுதியாக வளைந்த திசையில் வெட்டினால் குறை குறையும். பாராது வெட்டினாற் கூடவும் கூடும். விலையுயர்ந்த வில்லை கிடையாதவிடத்தும் இத்தெரிவு மருத்துவர் கையிலுள்ளது. எஞ்சுவதற்கு உருளை வில்லைக் கண்ணாடி போதும். காயம் ஆறியபின் அதற்காக மீண்டும் வைத்தியசாலைக்கு வர ஒரு நாட் கூலியை இழக்க நேர்வதுதான் தடை.