வூடு பாக்க வந்தீங்களா?

கல்மண்டபம் பக்கத்தில் விலைக்கு வரும் பழைய வீடுகளில் பெரும்பாலும் பலகை தொங்குவதில்லை. தொங்கினால், "பாவம், கடன் தொல்லை போலிருக்கிறது" என்று தெருவே பேச ஆரம்பித்துவிடும். ஆனாலும் சமாசாரம் பரவாமல் இருக்கிறதா? இஸ்திரி வண்டிக்காரருக்குத் தெரியும். டீக்கடை பெஞ்சுக்குத் தெரியும். மருந்துக் கடைக்காரருக்கு இரண்டு நாள் முந்தியே தெரிந்திருக்கும். கடைசியில்தான் தரகருக்குத் தெரிகிறது. அவர் வழியாக நம் காதுக்கு வருவதற்குள் நாலு பேர் வந்து பார்த்து, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

அமெரிக்காவில் இதற்கு வேறு முறை. ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில் இரண்டு மூன்று மணி நேரம் வீட்டைத் திறந்து போட்டு, வாசலில் ஒரு பலகையை நட்டுவிடுகிறார்கள். யார் வேண்டுமானாலும் உள்ளே போய்ப் பார்க்கலாம். வீட்டுக்காரர் அந்த நேரத்துக்குக் குடும்பத்தோடு எங்காவது போய்விடுகிறார். கிளம்புமுன் அடுப்பில் பிஸ்கோத்து சுட்டு வைத்துவிட்டுப் போகிறவர்களும் உண்டாம், வருகிறவர்களின் மூக்கைக் குஷிப்படுத்த!

நம் ராயபுரத்தில் அந்தப் பேச்சே கிடையாது. வீட்டைப் பார்க்கப் போனால் வீட்டு மனிதர்கள் அத்தனை பேரும் உள்ளே இருப்பார்கள். ஒரு பையன் தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருப்பான். அடுப்பில் குழம்பு கொதிக்கும். கட்டிலில் படுத்திருக்கும் ஆயா தலையைத் தூக்கி, "வூடு பாக்க வந்தீங்களா?" என்று கேட்பாள். அவர்கள் புழங்குகிற இடத்தில் நாம் அளவெடுப்பது நமக்கே சங்கடமாக இருக்கும். "சரி, பார்த்தாச்சு" என்று ஐந்து நிமிஷத்தில் வெளியே வந்துவிடத் தோன்றும். தரகருக்கு வேண்டியதும் அதுதான்.

இதையெல்லாம் நான் தெரிந்துகொண்டது ஒரு சிநேகிதருடன் அலைந்ததால். துறைமுகத்தில் முப்பது வருஷத்துக்கு மேல் உழைத்து ஓய்வு பெற்றவர். பிராவிடண்ட் பண்டும் கிராஜுவிட்டியும் கைக்கு வந்தன. "இந்தப் பணத்துக்குச் செங்கற்பட்டுப் பக்கம் போனால் தோட்டத்தோடு வீடு கிடைக்கும்" என்றான் மகன். அவருடைய சம்சாரமோ கல்மண்டபத்தை விட்டு ஓர் அடி நகர மறுத்துவிட்டார். பெண்ணைக் கொடுத்திருப்பது தண்டையார்பேட்டையில். தங்கை இருப்பது காசிமேட்டில். நெஞ்சு வலி என்றால் ஓடுவதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரி பக்கத்தில். அந்த அம்மாள் கேட்டது நியாயம்தான். ஆனால் முப்பது வருஷச் சம்பாத்தியம் முழுவதும் ஒரே கையெழுத்தில் போகப் போகிறது. ஏமாந்தால் மறுபடி சம்பாதிக்க வயசு இல்லை.

ஒன்பது வீடுகள் பார்த்தோம். எல்லாம் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு. தரகருக்கு ஏனோ அந்த முகூர்த்தத்தில் அப்படி ஒரு பிரியம்! வழி நெடுக அவர் சரித்திரப் பாடம் வேறு நடத்தினார். "தென்னிந்தியாவிலேயே மொத பாசஞ்சர் ரயிலு இங்கேருந்துதான் சார் கிளம்பிச்சு." அது உண்மை. 1856-ம் வருஷம் ஜூலை 1-ந் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்குப் போன ரயில் அது. "தி.மு.க.வை அண்ணா ஆரம்பிச்ச ராபின்சன் பார்க்கு இதோ நடக்கற தூரம்." அதுவும் உண்மை, 1949 செப்டம்பரில், கொட்டுகிற மழையில். "வண்ணாரப்பேட்டைக்கு மெட்ரோ ரயிலு வந்துடுச்சு." அதையும் மறுக்க முடியாது, 2019 பிப்ரவரியில் வந்தது, இரண்டு வருஷம் கழித்து விம்கோ நகர் வரைக்கும் நீண்டது. தரகர் சொன்ன சரித்திரத்தில் ஒரு பிழை கிடையாது. வீட்டைப் பற்றிச் சொன்னதில்தான்!

மூன்றாவதாகப் பார்த்த வீடு சிநேகிதருக்குப் பிடித்துவிட்டது. சின்ன முற்றம், தேக்குக் கட்டைகள் மேல் மெட்ராஸ் டெரஸ் போட்ட முன்கட்டு, பின்னால் இரண்டு அறைகள். முன்கட்டில் ஒரு குடும்பம் குடியிருந்தது.

"வாடகைக்கு இருக்காங்க சார். நாம சொன்னா அடுத்த மாசமே காலி பண்ணிடுவாங்க" என்றார் தரகர்.

நாங்கள் இருவரும் தூணைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, சிநேகிதரின் சம்சாரம் குடிக்கத் தண்ணீர் கேட்டு அடுப்படிக்குள் போனார். பத்து நிமிஷம் ஆளைக் காணோம். திரும்பி வந்தவர் ஒன்றும் பேசவில்லை. தெருமுனை திரும்பிய பிறகுதான் சொன்னார்: "அவங்க வாடகைக்கு இல்லீங்க. லீசுக்கு இருக்காங்க. ஏழு லட்சம் கொடுத்திருக்காங்க. வீட்டுக்காரர் கையில் அந்தப் பணம் இப்போ இல்லையாம்."

வடசென்னையில் இந்த வழக்கம் சகஜம். லீசு என்பார்கள், போக்கியம் என்பார்கள். மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டு வாடகை இல்லாமல் குடியிருப்பது. காலி செய்யும்போது அதே தொகையைத் திருப்பி வாங்கிக்கொள்வது. பல இடங்களில் ஒரு முத்திரைத்தாளில் எழுதிக் கையெழுத்துப் போடுவதோடு சரி. பதிவு செய்வதில்லை. பதிவு செய்யாத ஒப்பந்தம் வில்லங்கச் சான்றிதழில் தெரியாது. முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்த்துவிட்டு, "சுத்தமாக இருக்கிறது" என்று நாம் நிம்மதியாக இருப்போம். ஏழு லட்சம் அடுப்படியில் குழம்பு கிளறிக்கொண்டிருக்கும்!

சட்டம் இதில் யார் பக்கம் என்று ஒரு வக்கீலைக் கேட்டோம். அவர் சொன்னது எனக்குப் புதுசாக இருந்தது. 1882-ம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தில், 1929-ல் ஒரு விளக்கம் சேர்த்திருக்கிறார்கள். ஒரு சொத்தில் யார் நேரில் அனுபவத்தில் இருக்கிறார்களோ, அவர்களுக்கு அதில் என்ன உரிமை உண்டோ, அதை வாங்குகிறவர் அறிந்தவராகவே கருதப்படுவார். அதாவது நீங்கள் வீட்டைப் போய்ப் பார்த்தீர்கள், உள்ளே இருப்பவரிடம் விசாரித்தீர்கள் என்று சட்டமே வைத்துக்கொள்கிறது. போகாமல் இருந்தாலும், போயும் கேட்காமல் இருந்தாலும், "எனக்குத் தெரியாது" என்ற பேச்சு கோர்ட்டில் எடுபடாது. தண்ணீர் கேட்டு அடுப்படிக்குள் போன அந்த அம்மாள் செய்தது, வாங்குகிறவர் செய்தே தீர வேண்டிய காரியம்.

இன்னொரு கேள்வியும் குடியிருப்பவரிடம், அக்கம்பக்கத்தாரிடம் கேட்க வேண்டியதுதான்: "அடிமனை யாருடையது?" பழைய சென்னையில் கட்டடம் ஒருவருக்கும் அதன் கீழுள்ள மண் ஒரு கோயிலுக்கோ தர்ம ஸ்தாபனத்துக்கோ சொந்தமாக இருப்பது அதிசயமில்லை. அடிமனையில் வீடு கட்டியவர்களைக் காப்பதற்கென்றே 1921-ல் தனிச் சட்டம் வந்தது என்றால் வழக்கம் எவ்வளவு பரவியிருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நாங்கள் பார்த்த ஆறாவது வீட்டில் தரகர் மனையைப் பற்றி வாயே திறக்கவில்லை. எதிர்வீட்டுக் கிழவர்தான், "தரை வாடகை பாக்கியைக் கட்டிட்டாங்களா?" என்று வெள்ளந்தியாக விசாரித்தார். அந்த வீட்டை அத்தோடு விட்டோம்.

சரி, சுவர்களைப் பற்றியும் கொஞ்சம். கடலோர வீட்டுக்கு முதல் சத்துரு உப்புக் காற்று. கான்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பி துருப்பிடித்தால் அப்படியே ஊதிப் பெருக்கிறது; மேலே இருக்கும் காரையைப் பிளந்து தள்ளுகிறது. ஆகையால் கூடத்துத் தரையைப் பார்ப்பதைவிட, பால்கனியின் அடிப்பக்கத்தையும் குளியலறைக் கூரையையும் அண்ணாந்து பார்ப்பது உத்தமம். பழைய மெட்ராஸ் டெரஸ் வீட்டில் கம்பி இல்லை, துரு பயமும் இல்லை. அங்கே தேக்குக் கட்டை சுவருக்குள் நுழைகிற முனையைத்தான் தட்டிப் பார்க்க வேண்டும். ஈரமும் கரையானும் குடியேறுகிற இடம் அது. நாலு சுவரில் ஒரு சுவருக்கு மட்டும் புதுச் சாயம் அடித்திருந்தால் அந்தச் சுவர் எதையோ மறைக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஓடும் விரிசல் நல்லதில்லை. சந்தேகம் இருந்தால் அதன் குறுக்கே ஒரு காகிதத் துண்டை ஒட்டிவிட்டு, சில வாரம் கழித்து வந்து பார்ப்பார்கள் கொத்தனார்கள். காகிதம் கிழிந்திருந்தால் சுவர் இன்னும் நகர்கிறது.

விரிசலை லேசாக நினைக்கக் கூடாது. 2021 டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில், குடிசை மாற்று வாரியம் 1990-களில் கட்டிய அடுக்குமாடியில் 24 வீடுகள் சரிந்து மண்ணாயின. ஓர் உயிர்கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்துவிட்டு, குடியிருந்தவர்களை முன்கூட்டியே வெளியேற்றியதால் பிழைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி என்றேனே, அந்த முகூர்த்தத்தின் ரகசியத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த நேரத்தில் தெரு அடங்கிக் கிடக்கும். கடற்காற்று வீச ஆரம்பிக்கும். இதே இடத்துக்கு ஒரு வாரநாள் இரவு வந்து பாருங்கள். எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலைப் பக்கம் கண்டெய்னர் லாரிகள் துறைமுகத்துக்குள் நுழைய உறுமிக்கொண்டிருக்கும். தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பக்கம் வீடு பார்க்கிறவர்கள் இரவு நேரத்தில் போவது இன்னும் அவசியம். பகலில் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இரவு கரையிலிருந்து கடலுக்குத் திரும்பும். மணலி ஆலைகள் மேற்கே இருக்கின்றன. அவற்றின் நெடி பகல் பத்து மணிக்கு வருகிறவர் மூக்குக்கு எட்டாமலே போகலாம்.

மழைக்கு மறுநாள் போவது இன்னும் நல்லது. தண்ணீர் எதுவரை ஏறியது என்பதைச் சுவரே சொல்லும். கிணறோ போரோ இருந்தால் ஒரு வாளி இறைத்து முகர்ந்து பார்க்க வேண்டும். 2013-ல் தண்டையார்பேட்டையில் பூமிக்கடியில் போகும் குழாய் கசிந்து, வீட்டுப் போர்த் தண்ணீரில் எண்ணெய் மிதந்தது. கடலுக்கு அருகே என்றால் கரையின் கதையையும் கேட்டுக்கொள்ளலாம். 1870-களில் துறைமுகத்துக்கு அலைத் தடுப்புச் சுவர் கட்ட ஆரம்பித்த பிறகு, தெற்கிலிருந்து வரும் மணல் தடுக்கப்பட்டது. மெரீனா அகலமாயிற்று, ராயபுரத்துக் கரை கரைந்தது. அதனால்தான் அங்கே மணலுக்குப் பதில் கருங்கல் கிடக்கிறது.

எல்லாம் கெட்ட செய்தியும் அல்ல. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்தில் வெள்ளை வேட்டியைக் கொடியில் உலர்த்தினால் சாயங்காலம் சாம்பல் வேட்டியாக எடுக்க வேண்டும். துறைமுகத்து நிலக்கரித் தூள். ஹைகோர்ட் உத்தரவுப்படி 2011 அக்டோபரிலிருந்து நிலக்கரியும் இரும்புத் தாதும் சென்னைத் துறைமுகத்தில் நின்றன, எண்ணூருக்குப் போயின. இங்கே வேட்டி வெளுத்தது. எண்ணூர்க்காரர்களின் வேட்டியைப் பற்றி அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

"இந்தத் தலைவலியே வேண்டாம், புது அடுக்குமாடியில் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று யோசனை சொன்னவர்களும் உண்டு. 2016-ம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம் நல்ல சட்டம். பதிவு செய்யாமல் விளம்பரம் செய்யக் கூடாது. ஒப்பந்தத்தைப் பதிவு செய்யுமுன் விலையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வாங்கக் கூடாது. ஐந்து வருஷத்துக்குள் கட்டுமானக் குறை தெரிந்தால் கட்டியவரே செலவில்லாமல் சரிசெய்ய வேண்டும். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத மனைக்கும், எட்டு வீட்டுக்கு மேற்படாத கட்டடத்துக்கும் பதிவு கட்டாயமில்லை. 500 சதுர மீட்டர் என்றால் நம் கணக்கில் சுமார் இரண்டேகால் கிரவுண்டு. கல்மண்டபத்துச் சந்துகளில் இரண்டேகால் கிரவுண்டுக்கு எங்கே போவது? பழைய வீட்டை இடித்து, ஒரு கிரவுண்டில் ஐந்தாறு வீடு எழுப்புவதுதான் இங்கே நடக்கிறது. அங்கேயும் நாம்தான் கண்ணைத் திறந்து பார்க்க வேண்டும்: பிளான் அனுமதி எத்தனை மாடிக்கு, பிரிக்கப்படாத மனையில் நம் பங்கு எத்தனை சதுர அடி என்று.

ஒன்பது வீட்டையும் பார்த்துவிட்டு சிநேகிதர் திரும்பிப் போனது அந்த மூன்றாவது வீட்டுக்குத்தான். இந்தத் தடவை தரகர் இல்லாமல், ஒரு புதன்கிழமை இரவு எட்டு மணிக்கு, சம்சாரத்தோடு. குடியிருந்தவர்களையும் வீட்டுக்காரரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்துப் பேசினார்கள். விலையிலிருந்து ஏழு லட்சத்தைப் பிரித்து, குடியிருப்பவர் பெயருக்கே தனி டிராப்டாக எடுப்பது. காலி செய்து சாவி கொடுக்கிற அன்றைக்குத்தான் பத்திரப் பதிவு. வீட்டுக்காரர் முதலில் முறுக்கினார். "எம்மா காலத்துக்கு நாங்களும் பணத்துக்காகக் காத்துக்கினு கெடக்கறது?" என்று ஆயா ஒரு சத்தம் போட்டதும் இறங்கி வந்தார்.

பதிவு நாளன்று ஆயாவின் மருமகள் சாவிக்கொத்தை சிநேகிதரின் சம்சாரத்திடம் கொடுத்தார். கூடவே ரகசியம் போல ஒன்று சொன்னார்: "மாடிக் கொழாயை அரைத் திருப்புக்கு மேல திருப்பாதீங்கக்கா, வாஷர் பூடும். தண்ணி காலையில அஞ்சரைக்கு வரும். அப்புறம், அந்த வடக்கு ஜன்னல் மழையில ஒழுகும். கட்டிலை அங்க போடாதீங்க."