நிலக்கரிச் சுரங்கமும் நிலத்தின் மறுவாழ்வும்

ஜேர்மனியின் கொலோன் நகருக்கு மேற்கே, யூலிக் என்னும் சிறுநகரின் அருகே, சமதரையிலிருந்து திடீரென ஒரு மலை எழுந்து நிற்கின்றது. சூழவுள்ள வயல்களைவிட ஏறத்தாழ 200 மீற்றர் உயர்ந்த அம்மலை முழுவதும் காடு. சோபியன்ஹோகே என்பது அதன் பெயர். விடுமுறை நாள்களில் பெற்றோருடன் அங்கு நடந்து வந்த மாணவர்களும் உங்களுள் இருக்கலாம். ஆயின் அது இயற்கை படைத்த மலை அன்று. 1978 ஆம் ஆண்டு ஹம்பாக் நிலக்கரிச் சுரங்கம் திறக்கப்பட்டபோது தோண்டியெடுத்த மண்ணைக் குவித்து மனிதர் எழுப்பியது.

இப்பகுதியில் கிடைப்பது பழுப்பு நிலக்கரி. ஒரு கோடி ஆண்டுகளுக்கும் முன்னர் இங்கிருந்த சதுப்புநிலக் காடுகள் புதையுண்டு அந்நிலக்கரி உருவாயிற்று. அதன் மேலே கிடப்பவை பாறைகளல்ல. தளர்ந்த மணலும் கூழாங்கற்களும் களிமண்ணுமே. ஆகவே, சுரங்கவழி குடைந்து உள்ளே செல்லுதல் பொருந்தாது. மேலுள்ள நிலம் அனைத்தையும் அகற்றிய பின்னரே கரியை எடுத்தல் இயலும். ஹம்பாக்கில் அக்குழி 400 மீற்றர் ஆழத்தை எட்டியது.

இவ்வேலையைச் செய்பவை வாளிச் சக்கர இயந்திரங்கள். அவற்றுள் புகழ்பெற்ற ஒன்று ஏறத்தாழ 13,000 தொன் எடையும் 96 மீற்றர் உயரமும் உடையது. 2001 இல் அது ஹம்பாக்கிலிருந்து கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்கு, நெடுஞ்சாலையையும் ஆற்றையும் கடந்து, 22 கிலோமீற்றர் தூரத்தை மூன்று வாரங்களில் ஊர்ந்தே சென்றது. தமிழ்நாட்டின் நெய்வேலியில் எடுக்கப்படுவதும் பழுப்பு நிலக்கரியே. அங்கும் இவ்வகை இயந்திரங்களே மண்ணை அகழ்கின்றன.

தோண்டுவது எளிது, மீண்டும் நிலமாக்குவதே அரிது. ஜேர்மனியச் சுரங்கச் சட்டத்தின்படி, தோண்டிய நிலத்தை மீண்டும் பயன்படும் நிலமாக்குதல் அகழ்ந்த நிறுவனத்தின் கடமையாகும். முன்னே கரியை எடுத்துக்கொண்டே செல்லும் சுரங்கம், பின்னே வெறுமையான பகுதியை மண்ணிட்டு நிரப்பிக்கொண்டே வரும். எந்த மண்ணை எங்கே இடுவது என்பதில்தான் முழு நுட்பமும் உள்ளது.

இவ்வட்டாரத்தின் செல்வம் ‘லோஸ்’ எனப்படும் மென்மண். பனியுகத்துக் காற்று கொண்டுவந்து படியவிட்ட இம்மண், ஐரோப்பாவின் மிக வளமான வயல்களுக்கு அடிப்படையானது. அதனை வேறு மண்ணோடு கலவாமல் தனியே எடுத்து, புதிய வயலின் மேற்பரப்பில் இரண்டு மீற்றர் கனத்துக்கு இடுகின்றனர். கனத்த வண்டிகள் அதன்மேல் ஓடி மண்ணை இறுக்கிவிட்டால் வேர் இறங்காது. மழைநீர் தேங்கி நிற்கும். எனவே உடனே கோதுமை விதைப்பதில்லை. முதல் மூன்று ஆண்டுகள் லூசேர்ன் என்னும் பயறினச் செடியை வளர்க்கின்றனர். அதன் வேர் ஆழமாக இறங்கி மண்ணை நெகிழ்த்தும். காற்றிலுள்ள நைதரசனை மண்ணில் சேர்க்கும். நம் முன்னோர் வயலில் சணல் விதைத்து உழுது மடக்கிய பசளை முறைக்கு இது உறவானதே. பின்னர் தானியம் பயிரிட்டு, மொத்தம் ஏழு ஆண்டுகள் நிறுவனமே பராமரித்த பிறகு நிலம் உழவரிடம் கையளிக்கப்படுகின்றது.

காட்டுக்கு வேறு மண். லோஸையும் கூழாங்கல்லையும் கலந்து, சமன் செய்யாமல், குவியல் குவியலாக விட்டுவிடுகின்றனர். பார்வைக்கு அழகில்லை, ஆயினும் இளமரங்களின் வேருக்கு அந்தத் தளர்ச்சியே வேண்டும். பழைய காட்டின் மேல்மண்ணையும் சில இடங்களில் கொண்டுவந்து பரப்பினர். அதனோடு விதைகளும் பூஞ்சைகளும் சிற்றுயிர்களும் புதுமலைக்குக் குடிபெயர்ந்தன.

நீரின் கதை இவ்வளவு நன்றாக இல்லை. குழியின் ஓரங்கள் சரியாதிருக்க, நிலத்தடி நீரை இடைவிடாது இறைக்க வேண்டும். அதனால் சுரங்கத்துக்கு வெளியேயும் நீர்மட்டம் தாழ்கின்றது. எல்லைப்புறச் சதுப்புநிலங்கள் வறளாதிருக்க, இறைத்த நீரின் ஒரு பகுதியைக் குழாய்வழி மீண்டும் நிலத்துள் செலுத்துகின்றனர். மேலும், ஆழத்து மண்ணிலுள்ள கந்தகச் சேர்மங்கள் காற்றுப் பட்டதும் அமிலமாகி நீரைக் கெடுக்கும். அதனைத் தணிக்கச் சுண்ணாம்பு சேர்க்கப்படுகின்றது.

மீளாதவையும் உண்டு. ஹம்பாக்கின் தொன்மையான ஓக் காட்டின் பெரும்பகுதி அழிந்தது; எஞ்சிய சிறு பகுதியே, 2018 ஆம் ஆண்டின் பெரும் போராட்டத்துக்குப் பின்னர், நிலைத்தது. அதே 2018 இன் தொடக்கத்தில், கார்ட்ஸ்வைலர் சுரங்கத்துக்காக இம்மராத் என்னும் ஊரின் பெருந்தேவாலயம் இடிக்கப்பட்டது. ஊரவர் வேறிடத்தில் அதே பெயருடன் புதிய ஊர் அமைத்தனர். கல்லறைகளும் இடம் மாற்றப்பட்டன. இழப்பீடு கிடைத்தது, வீடும் கிடைத்தது. எனினும், ஊரைப் பிரிந்து வந்த நம் பெற்றோருக்கு அவர்கள் மனநிலையை எவரும் விளக்கத் தேவையில்லை. 2023 சனவரியில் லுட்சராத் என்னும் சிற்றூரும், பல்லாயிரவர் எதிர்த்து நின்றபோதும், அப்புறப்படுத்தப்பட்டது.

2022 இல் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி, இவ்வட்டாரத்தில் பழுப்பு நிலக்கரியின் பயன்பாடு 2030 இல் முடிவுறும். கரியாக எடுத்தது எரிந்து போய்விட்டமையால், குழியை முழுவதும் நிரப்ப மண் போதாது. எஞ்சிய பள்ளத்தை ரைன் ஆற்றின் நீரால் நிரப்பி ஏரியாக்குவதே திட்டம். ஆற்றிலிருந்து நீர் கொண்டுவர நெடுங்குழாய்கள் அமைக்கப்படுகின்றன. ஹம்பாக் ஏரி நிரம்புவதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் ஆகும் எனக் கணித்துள்ளனர். இன்று முதலாம் வகுப்பில் அரிச்சுவடி பயிலும் மாணவர் அதன் நிறைந்த கரையில் நிற்கும்போது, அவர்களுக்குப் பேரப்பிள்ளைகள் இருக்கும் வயதாகியிருக்கும்.