துப்பாக்கியோடு பொன்முடிக்கு வரலாமா?

சென்ற மாதம் சங்க நண்பர்களுடன் பொன்முடி சென்றிருந்தேன். அருகில் வரையாட்டுமொட்டை என்றொரு மலை. பெயரிலேயே வரையாடு இருக்கிறது. "அண்ணா! கீழே இருப்பது தனியார் தேயிலைத் தோட்டம்தானே? முதலாளி இசைந்தால் ஊரிலிருந்து துப்பாக்கியோடு வந்து வேட்டையாடலாமா?" என்றான் முதலாண்டுத் தம்பி ஒருவன்.

அமெரிக்காவின் டெக்சாஸில் முடியும். நம் நாட்டு நீல்காயை 1930-ஐ ஒட்டி அங்கே கிங் பண்ணையில் விட்டார்கள். இன்று வெளிமாநிலத்தாரும் அரசு உரிமம் வாங்கி, பண்ணையாருக்குப் பணம் கட்டி அதைச் சுடலாம்.

இங்கே முடியாது. 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், நிலம் யாருடையது என்று கேட்பதில்லை. தோட்டம் முதலாளியுடையதாக இருக்கலாம். வரையாட்டைச் சுட இசைவு தர அவருக்கு உரிமையில்லை. சுட்டால் 3 ஆண்டுக்குக் குறையாத சிறை. ஆட்டின் உடலும் அரசுடைமை.

என் பாட்டி மூணாறில் கொழுந்து கிள்ளியவர். துரைமார் இரவிகுளத்தைத் தம் வேட்டைக்களமாகக் காத்த கதையைச் சொல்வார். அளவறிந்து சுட்டதால் ஆடு பிழைத்தது. ஆனால் பிழைப்பது அவர்கள் விருப்பத்தைப் பொறுத்திருந்தது. 1971-இல் அரசு நிலத்தை மீட்டது; 1975-இல் இரவிகுளம் சரணாலயமாயிற்று, 1978-இல் தேசியப் பூங்காவாயிற்று.

தம்பி, அடுத்த முறை தொலைநோக்கி கொண்டு வா. வரையாடு தமிழ்நாட்டின் மாநில விலங்கு. எல்லை தாண்டி இங்கும் வாழ்கிறது, நம்மைப் போல.