வீதியோரத்து மரதன்

எமது கல்லூரியில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் தொடங்குமுன், ஆண்டுதோறும் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிகாலையில் மரதன் ஓட்டம் நடைபெறுவது வழக்கம். மரதன் என்பது பெயரளவில்தான். மெய்யான மரதனின் தூரம் 42.195 கிலோமீற்றர்; எமது பிள்ளைகள் ஓடுவதோ பத்துக் கிலோமீற்றர். ஆயினும் வடமராட்சியில் இதனை மரதன் என்றன்றி வேறு பெயரிட்டு அழைப்பார் எவருமிலர். கல்லூரி வாயிலிற் புறப்பட்டு, வல்லை வெளியை அடைந்து, அங்கே நாட்டப்பட்ட கொடியைச் சுற்றித் திரும்புதல் வேண்டும். வல்லை வெளியின் காற்றை அறிந்தவர்க்கு அதன் கடுமையை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் இறங்கி உருட்டிச் செல்லும் நாள்கள் அங்கு உண்டு.

கடந்த பதினொரு ஆண்டுகளாக நாமும் அப்பிள்ளைகளோடு ஓடி வந்துள்ளோம். நாற்பதைக் கடந்த ஆசிரியர் ஒருவர் காற்சட்டை அணிந்து மூச்சிரைக்க வருவதைக் காண்பதற்கென்றே படலையிற் காத்து நிற்கும் பெற்றோருமுளர். இவ்வாண்டு அவர்களுக்கு அவ்வின்பம் கிட்டவில்லை. ஓட்டத்துக்குப் பன்னிரண்டு நாள்களின் முன், மாலைப் பயிற்சியின்போது இடது கெண்டைக்காலில் யாரோ கல்லால் எறிந்தாற்போல ஓர் அடி விழுந்தது. திரும்பிப் பார்த்தோம். எறிந்தவர் எவருமிலர். தசைநார் கிழிந்தால் அப்படித்தான் இருக்குமாம். ஆறு வாரங்களுக்கு ஓடலாகாது என்று வைத்தியர் கட்டளையிட்டார். ஊர்ப் பரியாரியார் எண்ணெய் ஒன்றைத் தந்து அதே கட்டளையைச் சற்று இனிமையாகச் சொன்னார்.

ஓட முடியாதவனுக்கு உரிய பணிகள் பல. சனிக்கிழமை காலை, வீதித் திருப்பங்களிற் சுண்ணாம்பினால் அம்புக்குறி இடுவதை மேற்பார்வை செய்தோம். தண்ணீர்த் தாங்கிகளை எண்ணினோம். தோடம்பழங்களை நான்காகப் பிளக்க இரு மாணவரை அமர்த்தினோம். ஜீவனிப் பொதிகளை எத்தனை லீற்றர் நீரிற் கரைப்பது என்பது பற்றி உடற்கல்வி ஆசிரியரோடு சிறிது வாதமும் செய்தோம். வெளிப்பார்வைக்கு எல்லாம் செவ்வனே நடந்தன. உள்ளே ஓடிய எண்ணமோ வேறு. இரவு பெருமழை பெய்து ஓட்டம் ஆறு வாரம் பிற்போடப்படாதா என்று வானத்தை நாலைந்து முறை நோக்கினோம். ஆசிரியர் ஒருவர் இதனை எழுதலாமோ என்று கேட்பின், எழுதாவிடிற் பின்வருவன விளங்கா என்பதே எமது விடை.

அன்று நண்பகல் உயர்தர வகுப்பு மாணவன் ஒருவனின் தாயார் எம்மைத் தேடி வந்தார். அவன் சென்ற ஆண்டு மரதனில் இரண்டாவதாக வந்தவன். இவ்வாண்டு முதலிடம் அவனுக்கே என்று எல்லா இல்லத்தவரும் ஒப்புக்கொண்டிருந்தனர். கல்லூரியில் அவனுக்கு இதுவே இறுதி ஆண்டு. மூன்று வாரங்களாகக் கணைக்கால் நோவதை எவர்க்கும் கூறாது ஓடியிருக்கிறான். முடிவில், எலும்பில் மயிரிழை போன்ற வெடிப்பு என்று வைத்தியசாலையிற் கண்டனர்.

"பிள்ளை இரண்டு நாளாய் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை, சேர். சப்பாத்தைக் கிணத்துக்கை எறியப் பாத்தவன்," என்றார் அத்தாயார்.

மாலை அவ்வீட்டிற்குச் சென்றோம். திண்ணையில் ஒருவன் காலை நீட்டியிருக்க, எதிரே நாமும் காலை நீட்டி அமர்ந்தோம். தேநீர் வந்தது. "நாளைக்கு வல்லையிலை தண்ணி குடுக்க ஆள் காணாது, தம்பி," என்று தொடங்கினோம்.

"நான் வரேல்லை, சேர். மற்றவங்கள் ஓடுறதைப் பாக்க என்னாலை ஏலாது."

பொய்யற்ற விடை. நாம் சொல்லக் கூசியதை அவன் சொல்லிவிட்டான். அறிவுரை கூறும் தகுதி எமக்கு இல்லாமையின், அபெபெ பிக்கிலாவின் கதையைக் கூறினோம்.

பிக்கிலாவை வெறுங்காலோடு ஓடி வென்ற எதியோப்பியர் என்று பாடநூலளவில் அறிந்தவர் பலர். 1960 செப்டெம்பர் 10 ஆம் நாள் மாலை ரோம் நகரில் அவர் ஓடினார். அரச மெய்க்காவற் படையைச் சேர்ந்த 28 வயது வீரர் அவர். எதியோப்பியாவுக்கு வெளியே அவர் பெயரை அறிந்தார் மிகச் சிலர். இருள் சூழ்ந்தபின் தீப்பந்தங்கள் வழிகாட்ட, தொன்மையான அப்பியன் சாலையில் ஓட்டம் நடந்தது. இத்தாலியர் எதியோப்பியாவைக் கைப்பற்றியிருந்த காலத்தில் அக்சும் என்னும் தொன்னகரிலிருந்து கொண்டு சென்ற கற்றூண் ஒன்று அந்நாளில் ரோம் வீதியில் நின்றது. அதனைக் கடந்தே இறுதிப் பகுதியை ஓடவேண்டும். அவ்விடத்தை அண்மித்தே பிக்கிலா தமது வேகத்தைக் கூட்டி, மொறொக்கோ வீரர் றாடியைப் பின்தள்ளிச் சென்றார். 2 மணி 15 நிமிடம் 16 வினாடி. அத்தூண் 2005 இல் தாயகம் திரும்பியது.

1964 இல் டோக்கியோ. ஓட்டத்துக்கு ஏறத்தாழ ஐந்து வாரங்களின் முன் குடல்வால் அழற்சிக்காக அவருக்குச் சத்திரசிகிச்சை நடந்தது. இம்முறை சப்பாத்து அணிந்து ஓடி, இரண்டாமவரை நான்கு நிமிடங்களுக்கும் மேலாகப் பின்விட்டு வென்றார். ஒலிம்பிக் மரதனை இருமுறை வென்ற முதல் மனிதர் அவரே. எல்லைக்கோட்டைக் கடந்தபின் புல்லிற் படுத்து உடற்பயிற்சி செய்ததைக் கண்டு அரங்கமே வியந்தது.

இதுவரை மாணவன் தலையசைத்துக் கேட்டான்; இவையெல்லாம் அவன் அறிந்தவை. அடுத்த பகுதியையே நாம் கூற விழைந்தோம்.

1968 ஒக்டோபர் 20 ஆம் நாள் மெக்சிக்கோ நகரிற் பிக்கிலா மூன்றாம் முறையாக ஓடத் தொடங்கினார். காலில் எலும்பு வெடிப்பு. "உனக்கு வந்ததைப் போன்றதே," என்றோம். நோவோடே அவரும் புறப்பட்டார். ஏறத்தாழ 17 கிலோமீற்றரில் நின்றுவிட்டார். ஆனால் அன்று வென்றவர் அவரோடு சேர்ந்து ஓடிய அவர் நாட்டவரான மாமோ வோல்டே. நான் முடிக்கப் போவதில்லை, நீ வெல்லவேண்டும் என்று பிக்கிலா சொல்லி அனுப்பியதாகக் கூறுவர்.

ஐந்து மாதம் கழிந்தது. 1969 மார்ச் 22 ஆம் நாள் இரவு அவர் ஓட்டிச் சென்ற வொக்ஸ்வாகன் கார் விபத்துக்குள்ளாயிற்று. முதுகுத்தண்டு சிதைந்தது. இங்கிலாந்தின் ஸ்ரோக் மண்டவில் வைத்தியசாலையில் எட்டு மாதம் சிகிச்சை பெற்றார். கைகளுக்கு வலு திரும்பிற்று, கால்களுக்குத் திரும்பவில்லை. உலகின் மிகச் சிறந்த இரு கால்கள் அசைவற்றுப்போயின. அவர் என் செய்தார்? சக்கரநாற்காலியில் இருந்தவாறே வில் எடுத்தார். 1970 இல் உடற்குறையுற்றோருக்கான போட்டியில் அம்பெய்தார். அடுத்த ஆண்டு நோர்வே நாட்டில், நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டிப் போட்டியொன்றில் முதலாவதாக வந்தார்.

பின்னர் 1972. மியூனிச் ஒலிம்பிக் விழாவுக்கு அவரைச் சிறப்பு விருந்தினராக அழைத்தனர். மரதன் நடந்த நாள் செப்டெம்பர் 10. ரோமில் அவர் வென்ற அதே நாள். பன்னிரண்டு ஆண்டு கடந்திருந்தது, அவ்வளவே. அவர் சக்கரநாற்காலியில் அமர்ந்திருக்க, மாமோ வோல்டே ஓடினார். மாமோ வென்றிருப்பின் பிக்கிலாவைப் போல் இருமுறை வென்றவர் ஆகியிருப்பார். தனக்கே உரிய பெருமையை மற்றொருவன் பங்கிடுவதைப் பார்ப்பதற்காக அம்மனிதர் அங்கு போய் அமர்ந்திருந்தார் என்பதை எண்ணுக. மாமோ மூன்றாவதாக வந்தார். வென்றவர் அமெரிக்கரான பிராங்க் ஷோட்டர். பதக்கம் பெற்றபின் ஷோட்டர் நேரே சென்று பிக்கிலாவின் கையைப் பற்றிக் குலுக்கினார். அடுத்த ஆண்டு ஒக்டோபரிற் பிக்கிலா காலமானார், வயது 41.

நாம் நிறுத்தினோம். தேநீர் ஆறிப்போயிருந்தது. மாணவன் நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "அந்த ஆளுக்கு எரிச்சல் வந்திராதோ, சேர்?" என்று வினவினான்.

"எனக்கு இண்டைக்கு முழுக்க எரிச்சல்தான், தம்பி. மழை வருமோ எண்டு பாத்துக்கொண்டு திரியிறன்," என்றோம்.

அவன் சிரித்தான். இரண்டு நாள்களின் பின் முதற் சிரிப்பு அது என்று தாயார் பின்னர் கூறினார்.

மழை பெய்யவில்லை. ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கு முச்சக்கரவண்டியொன்று வல்லை வெளியில் வந்து நின்றது. ஊன்றுகோலோடு அவன் இறங்கினான். அவனது இல்லத்தின் நிறச்சட்டை அணிந்திருந்தான். ஓட்டக்காரரின் இலக்கத்தை மட்டும் குத்தவில்லை.

ஓட்டம் பார்ப்பவர் பெரும்பாலும் தொடக்கத்திலும் முடிவிலுமே கூடுவர். அவ்விரண்டிடத்தும் ஓடுபவனுக்கு எவர் துணையும் வேண்டியதில்லை என்பதைப் பதினொரு ஆண்டும் ஓடிய கால்களாற் கூறுகிறோம். தொடக்கத்தில் ஊக்கம் தானே பொங்கும். முடிவிற் கோடு தெரியும். நடுவழியின் பின்னரே மனம் பேரம் பேசத் தொடங்கும். முழு மரதனில் முப்பதாவது கிலோமீற்றரை அண்மித்துத் தசைகளிற் சேமித்த சர்க்கரைச் சத்து வற்றி, அடி கனக்கும். அங்கேதான் மனிதக் குரல் ஒன்று வேண்டும். எமது சிறிய மரதனுக்கு அவ்விடம் வல்லையின் எதிர்காற்று. ஆதலினாலேயே தண்ணீர் மேசையை அங்கு வைத்தோம்.

முதல் இருபதின்மர் மேசையைக் கவனியாது பறந்தனர். முதலாவதாக வந்தவன் எதிரில்லத்தவன். மாணவனின் முகம் ஒருகணம் இறுகிற்று. மறுகணம், "தோளை இறக்கு! காத்துக்குக் குனி!" என்று கூவினான். அவ்வறிவுரை சரியானதே, அவன் அதனைத் தனக்காக வைத்திருந்தான்.

கடைசியாக வந்தவன் பத்தாம் வகுப்புச் சிறுவன். கொடியைச் சுற்றித் திரும்பியவன் தள்ளாடத் தொடங்கினான். எமது மாணவன் ஊன்றுகோலைப் போட்டுவிட்டுத் தாங்கப் போனான். நாம் அவன் கையைப் பிடித்தோம்.

1908 இல் இலண்டனில் டொறாண்டோ பியேற்றி என்னும் இத்தாலியர் அரங்கினுள் முதலாவதாக நுழைந்து, பலமுறை விழுந்தார். இரக்கம் கொண்ட அலுவலர் அவரைத் தூக்கி நிறுத்தி எல்லை கடக்கச் செய்தனர். அதனாலேயே அவர் நீக்கப்பட்டு, அமெரிக்கரான ஜோனி ஹேய்சுக்குப் பதக்கம் சென்றது. மறுநாள் அலெக்சாந்திரா அரசியார் பியேற்றிக்குக் கிண்ணம் ஒன்றைப் பரிசளித்தார். தொட்ட கை அவருக்கு வெற்றியை இழப்பித்த கையாயிற்று. விதி அத்தகையது.

ஆயினும் எம்முன் நின்றவன் பதினைந்து வயதுப் பிள்ளை, பதக்கத்துக்கு ஓடுபவனல்லன். விழுந்தால் விதியைக் காற்றில் விட்டுத் தூக்குவது என்றே முடிவு செய்து, இரண்டடி தள்ளி நடந்தோம். ஒரு நொண்டி இடப்பக்கம், மற்றொரு நொண்டி வலப்பக்கம். மாணவன் ஜீவனிக் கோப்பையை நீட்டினான். சிறுவன் நின்று குடித்தான். முகத்திற் தண்ணீர் தெளித்தோம். பெயரைக் கேட்டோம், தெளிவாகச் சொன்னான். "ஏலாட்டி முச்சக்கரவண்டியிலை ஏறு, தம்பி. வெக்கமில்லை," என்றோம்.

"எத்தினை பேர் எனக்குப் பின்னாலை, சேர்?"

ஒருவருமில்லை என்று எவ்வாறு கூறுவது? எமக்கு முன் மாணவன் முந்திக்கொண்டான்: "நாங்கள் ரெண்டு பேர்."

சிறுவன் எங்கள் கால்களை மாறிமாறிப் பார்த்தான். பின்னர் சிறிது தூரம் நடந்து, மெல்ல ஓடத் தொடங்கினான். உடற்கல்வி ஆசிரியர் துவிச்சக்கரவண்டியில் அவன் பின்னே சென்றார். வெளியில் அச்சட்டையின் நிறம் மறையும்வரை மாணவன் கூவிக்கொண்டே நின்றான். குரல் அடைத்துப் போயிற்று.

எமது கெண்டைக்கால் வீங்கியிருந்தது. மேசையைக் கவிழ்த்து அதன்மேல் இருவரும் அமர்ந்து, மிஞ்சிய தோடம்பழங்களைத் தின்னத் தொடங்கினோம். எட்டுப் பிளவு வரை எண்ணினோம். அதன்பின் அவன் தின்றதற்குக் கணக்கில்லை.